முதல் மாத்திரை வொர்க் அவுட் ஆகலையா?
கடலூர் - சிதம்பரம் ரோட்டில் சிப்காட் ஸ்டாப்பிங். நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ் ஏறுற அப்ரண்டிஸ் பசங்கள்ல டிப்ரஷன் மாத்திரை சாப்பிடுறவங்களும் இருக்கலாம். ‘ரெண்டு வாரமாச்சு, ஒண்ணும் தெரியலையே’ன்னு நிறுத்திடாதீங்க பாஸ்! டக்குனு விட்டா தலைசுத்தலும் எரிச்சலும்தான் மிச்சம். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், சில சமயம் கூடவே ஆகும்.

அமெரிக்காவின் ‘ஸ்டார் டி’ ஆய்வில் (2006), முதல் மருந்திலேயே முழுசா தேறினவங்க சுமார் மூணுல ஒரு பங்குதான். மத்தவங்களுக்கு டோஸைக் கூட்டலாம், மருந்தை மாத்தலாம், இன்னொண்ணு சேர்க்கலாம், கவுன்சலிங்கும் உண்டு. அதுக்கு முன்னாடி ஷிஃப்ட் தூக்கம், குடி எல்லாத்தையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். தைராய்டு டெஸ்ட்டும் கேட்டுப் பாருங்க. வாழவே வேணாம்னு தோணினா, உடனே டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், இலவசம்.