கடற்கரைக் கோயிலைக் கட்டியவர் யார்?

வீட்டுப்பாடத்தில் இக்கேள்வி வந்ததும் "மாமல்லன்" என்று எழுதினேன். என்னைக் கேட்டவர்களும் அதையே எழுதினர். அனைவருக்கும் சிவப்பு மையில் ஒரே சொல்: "சான்று?"

ஞாயிறன்று அப்பாவுடன் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் சென்றேன். ஐந்து ரதங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. கடற்கரைக் கோயிலோ கற்களை அடுக்கிக் கட்டியது. அங்குள்ள இராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு, அதன் சந்நிதிகளை 'இராஜசிம்ம பல்லவேசுவரம்', 'க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம்' என்கிறது. இவ்விரண்டும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மனின் பட்டங்கள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவரும் அவரே. மாமல்லனோ 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன். பெயர் ஒற்றுமை என்னைக் கவிழ்த்துவிட்டது!

ரதங்களைச் செதுக்கியது மாமல்லன் என்பர் பலர். எல்லாமே இராஜசிம்மன் பணி என்று 1962-இல் எழுதினார் நாகசாமி. அக்கேள்வி வந்தால் என் நோட்டைக் கேட்காதீர்கள்!