மண்டையோட்டைத் திறவாமல் மூளையைத் தூண்டும் சிகிச்சை

மனித உறுப்புக்களுள் மிகுந்த காவலுடன் அமைந்தது மூளை. மண்டையோடு அதற்கு அரணாக நிற்கிறது. அவ்வரணைத் திறவாமலே மூளையின் ஒரு பகுதியைத் தூண்டி நோயைத் தணிக்கும் முறைகள் இன்று வழக்கத்திற்கு வந்துள்ளன. இவற்றை ‘ஷாக்’ வைத்தியம் எனக் கருதி அஞ்சி விலகுவோரும் உண்டு. எல்லா மனநோய்க்கும் இதுவே மருந்தென நம்பிப் பொருளை இழப்போரும் உண்டு. மக்களோடு நெருங்கிப் பழகும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இவற்றின் உண்மையை அறிந்திருத்தல் அவசியம்.

அடிப்படைத் தத்துவம்

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புக்களின் வாயிலாகச் செய்தியைக் கடத்துகின்றன. ஆகவே, தகுந்த மின்னோட்டத்தால் அவற்றைத் தூண்ட இயலும். மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. காந்தப் புலத்திற்கோ அது தடையாவதில்லை. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ல் கண்டறிந்தார். கம்பிச்சுருளினுள் காந்தத்தை விரைவாகச் செலுத்தினால் கால்வனாமீட்டரின் முள் அசைவதைப் பள்ளி மாணவரும் காண்கின்றனர். இங்குப் பயன்படுவதும் அதே விதியாகும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆந்தணி பார்க்கரும் அவருடைய துணைவர்களும் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து இயக்கியபோது, எதிர்ப்புறக் கையின் தசைகள் துடித்தன.

சிகிச்சை முறை

நோயாளி விழித்த நிலையிலேயே நாற்காலியில் அமர்ந்திருப்பார். மயக்க மருந்து தேவையில்லை. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு பங்கிற்கும் குறைந்த நேரமே பாயும். அப்போது எழும் காந்தப் புலத்தின் வலிமை ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். அதன் விளைவு சில சென்டிமீட்டர் ஆழத்திற்கே செல்லும். மனச்சோர்வு நோய்க்குப் பெரும்பாலும் மூளையின் இடது முன்பகுதி தூண்டப்படுகிறது. வாரத்திற்கு 5 நாட்களாக 4 முதல் 6 வாரங்கள் சிகிச்சை நடைபெறும். சுமார் 3 நிமிடமே பிடிக்கும் ஒரு முறை, 37 நிமிட முறைக்குப் பயனில் குறைந்ததன்று என்று 2018-ல் வெளியான கனடா நாட்டு ஆராய்ச்சி காட்டியது.

மற்றொரு முறையில், ஈரமான பஞ்சு மின்வாய்களின் வழியே 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. இது நரம்பணுக்களை நேரே இயக்காமல், அவற்றின் இயங்கும் தன்மையைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும். மின்கலங்களைக் கொண்டு வீட்டிலோ பள்ளியிலோ எவரும் இதனைச் செய்து பார்த்தல் கூடாது.

1938-ல் ரோம் நகரில் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை இவற்றினின்றும் வேறானது. அதில் வலிப்பு வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது. கடுமையான நோயில் அதுவும் பயனுடையதே. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி அதனைச் செய்தலை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

பயனும் வரம்பும்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் காந்தத் தூண்டல் முறையை 2008-ல், மருந்தினால் குணம் காணாத மனச்சோர்வு நோய்க்கு அனுமதித்தது. 2013-ல் ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கும், 2018-ல் ஒரே எண்ணமும் செயலும் மீண்டும் மீண்டும் வந்து அலைக்கழிக்கும் மனநோய்க்கும் அனுமதி கிடைத்தது. எனினும், யாவரும் குணமடைவதில்லை; குணமடைந்தோர் சிலருக்கு நோய் திரும்புவதும் உண்டு. பக்கவாதம் முதலிய நோய்களில் ஆராய்ச்சி தொடர்கிறது.

தலைவலியும் தூண்டிய இடத்தில் நோவும் சிலருக்கு ஏற்படலாம். கருவியின் ஓசை மிகுதியாதலால் காதுகளை அடைத்துக்கொள்ள வேண்டும். மிக அரிதாக வலிப்பு வரலாம். ஆகையால், முன்பு வலிப்பு கண்டவரும், தலையினுள் உலோகத் துண்டோ செவிக் கருவியோ பொருத்தப்பெற்றவரும் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

ஊழியர் கவனிக்க வேண்டியவை

1. இச்சிகிச்சையை நம்பி, உட்கொண்டு வரும் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது.

2. இது எவருக்கு ஏற்றது என்பதை மனநோய் மருத்துவரே முடிவு செய்வார்.

3. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, பல்வகை மனநோய்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு முதலில் வேண்டுவது புதிய கருவியன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஒருவரின் துணையே.