மகிழ்ச்சி வந்தும் தங்காதது ஏன்?

"நேற்றுத் தம்பி வந்தபோது சிரித்துப் பேசினாளே! இன்று மட்டும் என்ன வந்துவிட்டது? எல்லாம் நடிப்பு!"

மனச்சோர்வு நோய் புகுந்த வீடுகளில் இப்படி ஒரு பேச்சு எழுவது உண்டு.

பிடித்த பலகாரத்தைச் செய்து கொடுப்பார்கள். அவள் ஒரு வாய் தின்பாள். முகம் மலரும். சற்று நேரத்தில் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்குக் கோபம் வரும்.

சிரிக்க முடிந்தவளுக்கு நோய் எப்படி இருக்கும்?

இதற்கு விஞ்ஞானிகள் மூளைக்குள்ளேயே பதில் தேடினார்கள். அந்தக் கதை ஓர் எலியில் தொடங்குகிறது.

எலி காட்டிய அதிசயம்

கனடா நாட்டில் மான்ட்ரீல் என்று ஒரு நகரம். அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் ஆராய்ச்சி செய்தார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மிகச் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள்.

ஓர் எலிக்குக் கம்பி குறி தவறி, வேறு இடத்தில் பதிந்துவிட்டது. அந்தத் தவறே அதிசயத்தைக் காட்டியது! எந்த மூலையில் நின்றபோது மின்சாரம் பாய்ந்ததோ, அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப ஓடியது.

பிறகு, எலியே அழுத்தும்படி ஒரு கட்டையை வைத்தார்கள். அழுத்தினால் மின்சாரம் பாயும். ஓர் எலி 12 மணி நேரத்தில் 7,500 தடவைக்கு மேல் அழுத்தியது! இந்த ஆராய்ச்சி 1954-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மூளைக்குள் "இது நல்லது, இன்னும் வேண்டும்" என்று சொல்லும் ஒரு பாதை இருப்பது இப்படித்தான் தெரிந்தது. பசித்தவனுக்குச் சோறும், தாய்க்குக் குழந்தையின் சிரிப்பும் இந்தப் பாதையைத் தட்டி எழுப்புகின்றன.

ஆசை முன்னே ஓடும்

இந்தப் பாதையில் 'டோபமின்' என்ற ரசாயனப் பொருள் வேலை செய்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளிடம் சோதித்தார்.

எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. ஓர் அடையாளத்தைக் காட்டிய பிறகே சாறு வரும் என்று குரங்கைப் பழக்கினார்கள். அப்போது சாறு வரும் முன்பே, அடையாளத்தைக் கண்டவுடன் அவை துடித்தன. அடையாளம் காட்டியும் சாறு வராவிட்டால் அடங்கிப் போயின!

நமக்கும் அப்படித்தான். குழம்பு வாசனை வந்ததுமே கால்கள் அடுக்களைக்கு நடக்கின்றன. கை கழுவச் சொல்லி யாரும் அடிக்க வேண்டியதில்லை. ஆசை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

மனச்சோர்வு வந்தவர்கள் பலரிடம் இந்த இழுப்பு குறைந்துவிடுகிறது. குளிப்பதும் தலை வாருவதும்கூட மலையாகத் தோன்றும். அது சோம்பல் அல்ல.

பற்றிய நெருப்பு நிற்கவில்லை

சரி, அவள் சிரித்தாளே, அது எப்படி?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ள 27 பேர்; அந்த நோய் இல்லாத 19 பேர். காந்த சக்தியால் மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் இவர்களைப் படுக்க வைத்து, மனத்துக்கு இதமான படங்களைக் காட்டினார்கள். "இந்த நல்ல உணர்ச்சியைப் பெருக்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

முதலில் இரு சாராருக்கும் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி ஒன்றுபோலவே விழித்தது. ஆனால் நேரம் போகப் போக, நோயாளிகளுக்கு மட்டும் அது மங்கிவிட்டது! மூளையின் முன்பகுதிக்கும் அந்த மகிழ்ச்சிப் பகுதிக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துபோனதையும் கண்டார்கள்.

அடுப்பில் விறகு பற்றுகிறது. ஆனால் எரிய எரிய உள்ளே தள்ளிவிடும் கை தளர்ந்துவிட்டது. நெருப்பு எப்படி நிற்கும்?

2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று நமக்கு உணர்த்தும் ஒரு மூளைப் பின்னல், மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பரந்திருந்தது. பிற்காலத்தில் இந்த நோய் வந்த சில குழந்தைகளுக்கு, நோய் வரும் முன்பே அது அப்படி இருந்தது!

ஆனாலும் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது. டாக்டர் பேசிக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். துக்கம், கடன், உடல்நோய், குடும்பத் தொல்லை இவையும் நோய்க்குத் துணைபோகும்.

நெருப்பு திரும்பும்

மருந்தால் குணம் காணலாம். விஸ்கான்சின் குழுவினரே, நோயாளிகளுக்கு இரண்டு மாதம் மருந்து கொடுத்து மறுபடி பார்த்தார்கள். யாருக்கு அந்தத் தொடர்பு வலுத்து நின்றதோ, அவர்களுக்கு நல்ல உணர்ச்சியும் அதிகம் திரும்பியது.

இன்னொரு வழியும் உண்டு. "ஆசை வந்த பிறகு செய்யலாம்" என்று காத்திராமல், சிறு காரியத்தை முதலில் செய்வது. ஆசை பின்னால் வரும் என்பது. தெருமுனை வரை நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒருவரோடு பேசுவது என்று திட்டமிட்டுப் பழக்குவார்கள். இங்கிலாந்தில் 440 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அதிகச் செலவாகும் வேறொரு பேச்சு வைத்தியத்துக்கு இது குறைந்ததல்ல என்று 2016-ஆம் ஆண்டில் தெரிந்தது.

வீட்டார் செய்ய வேண்டியது

"எழுந்திரு, போ!" என்று விரட்டாதீர்கள். "வா, நானும் வருகிறேன்" என்று கூட நடங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் வெட்கம் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசாங்க எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அவள் நேற்றுச் சிரித்தது நடிப்பு அல்ல. இன்று படுத்திருப்பதும் நடிப்பு அல்ல. மகிழ்ச்சி வந்தது, தங்க முடியவில்லை. அதைத் தங்க வைக்க வைத்தியம் உண்டு. அது பலிக்கும் வரை பொறுமையாகப் பக்கத்தில் இருப்பது நம் வேலை.