வெள்ளத்துக்கு ஓரிரவு, விடைக்கு ஐந்து மாதம்!

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் இரும்புலியூரை அறியாமல் இருக்க முடியாது. ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயல் புறவழிச்சாலையும் சந்திக்கும் இடம். அருகிலே ஏரி. ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் அந்தப் பகுதி மக்கள் வானத்தைப் பார்த்தபடியே படுக்கைக்குப் போகிறார்கள். காரணம், 2015!

அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி கொட்டத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பஸ் ஓடிய தெருவிலே படகு ஓடிற்று. பாடுபட்டுச் சேர்த்த பண்டமும் பாத்திரமும் ஓரிரவில் சேறாயின.

வெள்ளம் வடிந்ததும் என்ன நடக்கிறது? கோட்டையிலிருந்து டில்லிக்குக் கடிதம் போகிறது. டில்லியிலிருந்து பல இலாகா அதிகாரிகள் கொண்ட குழு வருகிறது. பார்க்கிறது, குறிக்கிறது, பறக்கிறது. அதன் அறிக்கையை ஒரு துணைக்குழு ஆராய்கிறது. பின்னர் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு கூடித் தொகையை முடிவு செய்கிறது. எத்தனை நாளில்? அதைத்தான் நாம் கேட்கிறோம்!

2015 நவம்பர் மழைச் சேதத்துக்கே 8,481 கோடி ரூபாய் கேட்டார் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. உடனடியாக வந்தது 939 கோடி. டிசம்பர் 3-ந் தேதி பிரதமர் மோடி நேரில் வந்தார். மேலும் 1,000 கோடி அறிவித்தார். தொகை போதுமா என்பது வேறு பேச்சு. மனம் வைத்தால் இரண்டே நாளில் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் புறநகரையும் மூழ்கடித்தது. அதே மாதம் தென்மாவட்டங்களிலே பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! நிவாரணத்துக்கும் சீரமைப்புக்குமாக முதலமைச்சர் ஸ்டாலின் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. ஏப்ரலில் மாநிலம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. அந்த மாதக் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. வறட்சி நிவாரணத்துக்காகக் கர்நாடகமும் அதே ஆண்டு நீதிமன்றம் போக நேர்ந்தது. ஆளும் கட்சி மாறியது. காத்திருக்கும் வாசல் மாறவில்லை!

டில்லியின் பதிலையும் மறைக்காமல் சொல்வோம். "மாநிலப் பேரிடர் நிதிக்கு எங்கள் பங்கான 900 கோடியை அந்த ஆண்டே தந்துவிட்டோம், தருவது உடனடி நிவாரணம், முழு நஷ்ட ஈடு அல்ல" என்பது அவர்கள் வாதம். நல்லது. ஆனால் அந்தப் பங்கு நிதிக் குழு வகுத்தபடி, நூற்றுக்கு 75 என்ற கணக்கில் ஆண்டுதோறும் வருவது. வெள்ளம் வந்தாலும் வரும், வராவிட்டாலும் வரும். பெரும் பேரிடருக்கென்றே இருப்பது தேசிய நிதி. அதிலே குறைத்துக் கொடுப்பதானால் குறைத்ததற்குக் காரணம் சொல்லட்டும். காலந்தாழ்த்துவானேன்?

அமெரிக்காவிலே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவர்னர்தான் ஜனாதிபதியிடம் உதவி கோருகிறார். 1988-ம் ஆண்டின் ஸ்டாஃபர்டு சட்டம் அதற்கு வழி வகுக்கிறது. 30 நாளுக்குள் கேட்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆனால் ஜனாதிபதி எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற வரையறை அங்கும் இல்லை. கேட்பவருக்குக் கெடு உண்டு, கொடுப்பவருக்குக் கெடு இல்லை. கூட்டாட்சிகளைப் பிடித்த நோய் இதுதான்!

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. ஏரியைத் தூர்வார வேண்டியதும், நீர்வழியை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க வேண்டியதும், வந்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதும் மாநிலமும் மாநகராட்சியுமே. அதைச் செய்யாமல் டில்லியை மட்டும் ஏசினால் மழை மன்னிக்காது.

நாம் கேட்பது மூன்றே. மத்தியக் குழு பார்வையிட்ட 15 நாளுக்குள் இடைக்காலத் தொகை வேண்டும். 60 நாளுக்குள் இறுதி முடிவு வேண்டும். கேட்டதில் எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்ற விவரம் மக்கள் பார்வைக்கு வேண்டும். இவை சட்டத்திலே இடம் பெற்றால் எந்த முதலமைச்சரும் எந்தப் பிரதமரின் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இரும்புலியூரில் ஓடும் சாலைக்கும் ஜி.எஸ்.டி. என்றே பெயர், அங்கே கடை வைத்திருப்பவர் கட்டும் வரிக்கும் ஜி.எஸ்.டி. என்றே பெயர். அந்த வரியைத் தாமதமாகக் கட்டினால் வட்டி போடுகிறார்கள். அவர் கடை நீரில் மூழ்கி, உதவி ஐந்து மாதம் தாமதித்து வந்தால் வட்டி கட்டுவது யார்?