‘ஓம்’ என்று சொல்லும் முன்

லண்டனில் அரச உதவிப் பணம் வாங்கும் வீடுகளில் பழுப்பு நிறக் கடித உறை என்றாலே ஒரு பயம். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இராது. இந்த ஆண்டுக்கான தொகை இவ்வளவு, அடுத்த சந்திப்பு இன்ன தேதி என்று இருக்கும். ஆனால் எப்போதாவது ஒன்றில் ‘இன்டர்வியூ அண்டர் கோஷன்’ என்ற சொற்கள் வரும். இன்டர்வியூ என்றதும், பெனிபிட் ஒபிஸில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிளம்பக் கூடாது. அது ஒரு குற்ற விசாரணை. கேட்பவர் டிடபிள்யூபி எனப்படும் வேலை, ஓய்வூதியத் திணைக்களத்தின் மோசடிப் பிரிவு அதிகாரியாகவோ கவுன்சில் அதிகாரியாகவோ இருப்பார். ஆனால் அவரும் பொலிஸ் பின்பற்றும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைக் கருத்தில் கொண்டுதான் கேட்க வேண்டும். உங்கள் குரல் பதிவாகும். பின்னால் நீதிமன்றத்தில் அது ஒலிக்கலாம்.

இதையும் ‘கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூ’ என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கணக்கைச் சரிபார்க்கும் சந்திப்பு. அங்கே எச்சரிக்கை வாசிக்க மாட்டார்கள். எந்த வகை என்று கடிதத்திலேயே எழுதியிருக்கும். புரியாவிட்டால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு மேசை லாச்சிக்குள் வைத்துவிடாதீர்கள்.

‘கோஷன்’ என்பது தொடக்கத்தில் வாசிக்கப்படும் எச்சரிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதில் மூன்று விஷயங்கள் உண்டு (ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு). நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை என்பது முதலாவது. நீங்கள் சொல்வது சான்றாகலாம் என்பது மூன்றாவது. இந்த இரண்டும் எல்லோருக்கும் விளங்கிவிடும். நடுவில் உள்ளதுதான் சிக்கல்: இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்ட ஒன்றைப் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்குச் சார்பாகச் சொன்னால், அந்த மௌனம் உங்கள் தரப்பைப் பாதிக்கலாம்.

ஓர் உதாரணம். இருபது பேர், மாதம் 500 பவுண்ஸ், சீட்டுப் பிடிப்பவர் ஒரு பெண். மாதத்தில் ஒரு நாள் அவருடைய வங்கிக் கணக்கில் மற்றவர்களின் காசு வந்து சேர்ந்து கிட்டத்தட்ட 10,000 நிற்கும். இரண்டு நாளில் சீட்டை எடுத்தவருக்குப் போய்விடும். அவருடைய சொந்தச் சேமிப்பு 7,000 என்று வையுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000ஐத் தாண்டினால் தொகை குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் உரிமையே இல்லை. அந்த நாளின் வங்கி அறிக்கையை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அவர் மறைத்தவராகத்தான் தெரிவார். சீட்டுக் காசு மற்றவர்களுடையது என்பதைச் சீட்டுக் கொப்பியையும் கணக்கு மாற்றல்களையும் வைத்து அன்றே விளக்கியிருக்கலாம். விசாரணையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் “அது சீட்டுக் காசு” என்றால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மௌனத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் மற்றச் சான்றுகளோடு சேர்த்து அதையும் எடைபோடலாம்.

மௌனத்தைவிட எனக்குப் பயம் தருவது நம்முடைய மரியாதைதான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது “ஓம், ஓம்” என்று சொல்வது நம் பழக்கம். நீங்கள் சொல்வது கேட்கிறது, தொடருங்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதையே ஆங்கிலத்தில் ‘யெஸ், யெஸ்’ என்று சொன்னால், அதிகாரி சொன்ன ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டதாகப் பதிவில் ஏறிவிடும். எதிர்மறைக் கேள்வி வந்தால் இன்னும் மோசம். “நீங்கள் இதை அறிவிக்கவில்லை, அப்படித்தானே?” என்றால் நாம் ‘ஓம்’ என்போம், ‘இல்லை’ என்றும் சொல்வோம். இரண்டாலும் ஒன்றையே சொல்ல நினைத்திருப்போம், அல்லது எதிரெதிராக. கேட்பவருக்கு எது எதுவென்று தெரியாது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், “அறிவித்தேன், மார்ச்சில் போனில் சொன்னேன்” என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்று சொல்லுங்கள். தேதிகளை ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

கடையில் ஆங்கிலம் பேசிச் சமாளிப்பவரும் இங்கே மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நல்லது. இது இலவசம், உங்கள் உரிமை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளையோ மருமகனையோ அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். வருபவர் சென்னைத் தமிழ் பேசுபவராக இருந்து உங்கள் பேச்சு அவருக்கு விளங்காவிட்டால், அதையும் ஒலிப்பதிவில் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை சொலிசிட்டர். குடிவரவு வழக்கைப் பார்த்த அதே லோயரிடம் ஓடாதீர்கள். குற்றவியல் வழக்குப் பார்ப்பவர் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சட்ட ஆலோசனை எல்லோருக்கும் இலவசம். திணைக்கள அலுவலகத்தில் நடக்கும் விசாரணைக்கு உங்கள் வருமானத்தைப் பொறுத்துச் சட்ட உதவி கிடைக்கலாம். சொலிசிட்டர் கேட்டால் எந்தக் காலம், எந்த உதவிப் பணம், என்ன சந்தேகம் என்பதை முன்கூட்டியே ஓரளவு அறிந்துகொள்ளலாம். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதா, எழுதிய அறிக்கையொன்றை வாசித்துவிட்டு நிறுத்துவதா, பேசாமல் இருப்பதா. நாள் போதாவிட்டால் தள்ளிப்போடக் கேட்கலாம். கைது செய்யப்படாமல் தானாகப் போனவர் எந்த நேரத்திலும் எழுந்து வந்துவிடலாம். போகாமலே இருந்தால் வழக்கு நின்றுவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கையில் உள்ள சான்றை வைத்து அவர்கள் முடிவெடுப்பார்கள்.

அந்தச் சான்று எங்கிருந்து வரும்? வங்கி, வேலை கொடுத்தவர், வருமான வரிப் பதிவு, முகநூல். பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் மகளின் சாமத்திய வீட்டில் பிள்ளைக்காக ஒரே மேடையில் நின்றிருப்பார்கள். முகநூலில் வெளியாள் பார்த்தால் அது சேர்ந்து வாழும் தம்பதியின் படம். சேர்ந்து வாழ்கிறார்களா என்பதை ஒரே குடித்தனமா, யார் பணம் கொடுக்கிறார், உறவு எவ்வளவு நிலையானது, வெளியில் எப்படித் தெரிகிறார்கள் என்று பலவற்றையும் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு படம் போதாது. பிரிந்த துணை வேறு இடத்தில் இருந்ததற்கான வாடகைச் சீட்டும் கவுன்சில் வரிக் கடிதமும் உங்களிடம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

உண்மையிலேயே தவறு செய்தவர்? கைக்காசு வேலையை மறைத்தவர்? அவருக்கும் சொலிசிட்டர் வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். செய்யக் கூடாத ஒன்று உண்டு: பொய் சொல்வது. ‘எதையாவது சொல்லித் தப்பிப்போம்’ என்று கட்டும் கதை, கவனக்குறைவாகப் பார்க்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்றை நேர்மையீனமாக்கிவிடும். சட்டத்தில் இந்த வேறுபாடு பெரியது. நேர்மையீனம் நிரூபிக்கப்படும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. தெரிந்தே பிழையான தகவல் கொடுத்த சிறிய குற்றத்துக்கு உச்சம் 3 மாதம். வெறும் கவனக்குறைவுக்கு 50 பவுண்ஸ் தண்டம். சிறு தொகை வழக்குகள் 7 ஆண்டுக்குக் கிட்டவும் போவதில்லை. ஆனால் குற்றத்தீர்ப்பு ஒன்று வேலைக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் குறுக்கே நிற்கும்.

விசாரணை முடிந்தபின் நீண்ட காலம் சத்தமே இராது. பிறகு ஒன்றுமில்லை என்று கோப்பை மூடலாம், வழக்குத் தொடரலாம், அல்லது நிர்வாகத் தண்டம் கட்டச் சொல்லலாம். இந்தத் தண்டம் கூடுதலாகக் கொடுத்த தொகையில் பாதி, குறைந்தது 350, கூடியது 5,000 பவுண்ஸ். 6,000 கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த 6,000ஐயும் திருப்பிக் கட்டி, மேலே 3,000 கொடுக்க வேண்டும். நான்கு வாரம் உதவிப் பணமும் வெட்டுப்படலாம். நீதிமன்றம் போகாமல் முடிகிறதே என்று பயத்தில் உடனே கையெழுத்திடுபவர்கள் உண்டு. குற்றம் செய்யவில்லை என்றால் மறுக்கலாம். கையெழுத்திட்டாலும் 14 நாளுக்குள் மனம் மாறலாம்.

பலர் தவறவிடும் ஒன்று இன்னும் இருக்கிறது. குற்ற விசாரணை ஒரு பாதை, உதவிப் பணத்துக்கு உரிமை இருந்ததா என்ற முடிவு இன்னொரு பாதை. இரண்டாவது முடிவு தனிக் கடிதமாக வரும். அதை மறுபரிசீலனை செய்யக் கேட்க ஒரு மாதம் உண்டு. அதன் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த மாதம் கழிந்துவிடும். தீர்ப்பாயம் உரிமை இருந்தது என்றாலோ தொகையைக் குறைத்தாலோ, குற்ற வழக்கும் இளகிவிடலாம். அந்தக் கடிதமும் அதே பழுப்பு உறையில்தான் வரும்.