முதற் சீட்டுக்கு முன்

2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இந்தியர் இருவர் பிரிட்ஜ் ஆட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றனர். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். செய்தியைக் கேட்ட கந்தப்பளை நண்பர் ஒருவர், "சீட்டாட்டத்துக்குமா தங்கம்?" என்று வியந்தார். எனக்கோ நெடுநாளைக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

மூடுபனி இறங்கிவிட்டால் கந்தப்பளையில் ஐந்து மணிக்கே ஊர் அடங்கிவிடும். அந்நேரங்களில் தோட்டத்து உத்தியோகத்தர் விடுதியில் நாங்கள் முந்நூற்று நான்கு ஆடுவோம். ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர், ஒருநாள் எங்களுக்குப் பிரிட்ஜ் கற்பிக்க முன்வந்தார். நாலாவது ஆள் கிடைக்காத இரவுகளில் துரை தம்மைப் பங்களாவுக்கு அழைத்ததனால் கைவந்த வித்தை என்பார். நுவரெலியாவில் 1876இல் தோன்றிய ஹில் கிளப் நம்மவரை உறுப்பினராக ஏற்காதிருந்த காலம் அது.

முந்நூற்று நான்கு தெரிந்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணினேன். இரண்டிலும் எதிரெதிரே அமர்ந்தவர் ஒரு கட்சி. இரண்டிலும் கேள்வி உண்டு, துரும்பு உண்டு. ஆனால் நம் ஆட்டத்தில் மதிப்புச் சீட்டிலேயே இருக்கிறது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2; ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. உயர்ந்த சீட்டைக் கண்டதும் இறக்கி அள்ளிவிடுவதே அங்கு வழக்கம். தாமதித்தால் எதிரியின் துரும்பு விழும். பிரிட்ஜில் 52 சீட்டுகள், 13 பிடிகள். ஏஸால் பிடித்தாலும் இரண்டால் பிடித்தாலும் பிடி ஒன்றேதான். அன்றியும், எதிரி முதற் சீட்டை இறக்கியவுடன், கேள்வியை ஏற்றவரின் கூட்டாளி தம் சீட்டு முழுவதையும் மேசைமேல் விரித்துவிட்டு வாய்மூடி இருக்கிறார். அவருக்கு டம்மி என்று பெயர். ஆகவே 26 சீட்டுகள் கண்ணெதிரே கிடக்கின்றன. திட்டமிட இதைவிட வேறென்ன வேண்டும்?

அன்று நான் துரும்பில்லாமல் ஒன்பது பிடி என்று கேள்வியை ஏற்றிருந்தேன். சீட்டுகள் இவை:

டம்மி: இஸ்பேட் 7, 4, ஆர்ட்டின் ஏஸ், 6, 3, டைமண்ட் ராசா, ராணி, ஜாக்கி, 10, 5, கிளாவர் 8, 6, 2.

என் கை: இஸ்பேட் ஏஸ், 8, 3, ஆர்ட்டின் ராசா, 9, 4, 2, டைமண்ட் 9, 3, 2, கிளாவர் ஏஸ், ராசா, 5.

இடப்பக்கத்தார் இஸ்பேட் ராசாவை இறக்கினார். மறுகணமே என் ஏஸைப் போட்டுப் பிடித்தேன். பிறகு டைமண்டைத் தொட்டேன். வலப்பக்கத்தார் டைமண்ட் ஏஸால் வென்று, இஸ்பேட்டைத் திருப்பி ஆடினார். இடப்பக்கத்தாரிடம் எஞ்சியிருந்த நான்கு இஸ்பேட்டும் பிடியாயின. எதிரிக்கு ஐந்து போயிற்று. எனக்கு எட்டே மிச்சம்.

பெரிய கிளாக்கர் சீட்டுகளைப் பழையபடி அடுக்கினார். "மாஸ்டர், உங்கள் ஏஸ் எங்கும் ஓடிவிடாது. டம்மியைத் தொடுமுன் எண்ணிப் பாருங்கள்" என்றார்.

எண்ணினேன். இஸ்பேட்டில் ஒன்று, ஆர்ட்டினில் இரண்டு, கிளாவரில் இரண்டு, உறுதியானவை ஐந்து. மற்ற நான்கும் டைமண்டில்தான் வரவேண்டும். அதற்கு எதிரியின் டைமண்ட் ஏஸை வெளிக்கொணர்ந்தாக வேண்டும். அப்போது அவர்கள் கையில் இஸ்பேட் எத்தனை இருக்கும் என்பதே கேள்வி. எங்களிடம் ஐந்து, அவர்களிடம் எட்டு. அவை ஐந்தும் மூன்றுமாகப் பிரிந்திருந்தால், நான் இருமுறை விட்டுக்கொடுத்து மூன்றாம் முறை ஏஸால் பிடிக்க, வலப்பக்கத்தாரிடம் இஸ்பேட்டே இராது. டைமண்ட் ஏஸ் அவரிடமிருந்தால் அவரால் கூட்டாளிக்குச் சீட்டுக் கொடுக்க இயலாது. நான்கும் நான்குமாகப் பிரிந்திருந்தாலோ, இழப்பு மூன்று இஸ்பேட்டும் ஒரு டைமண்டும். அப்போதும் எனக்கு ஒன்பது. இடப்பக்கத்தாரிடமே ஐந்து இஸ்பேட்டும் டைமண்ட் ஏஸும் இருந்தால் மட்டும் தப்ப வழியில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"இன்னொன்று பார்த்தீர்களா?" என்று அவர் டம்மியின் ஆர்ட்டின் ஏஸைச் சுட்டினார். எதிரி டைமண்ட் ஏஸை வெளியிடாமல் இரண்டு சுற்று அடக்கி வைத்தால், மூன்றாவதில் அது வந்தபின் டம்மியிலுள்ள டைமண்டுகளை அடைய வழி அந்த ஆர்ட்டின் ஏஸ்தான். எனவே இடையில் ஆர்ட்டின் வந்தால் என் ராசாவால் பிடித்து, ஏஸைக் காத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் டம்மியிலிருந்து முதற் சீட்டு எடுக்கப்படுமுன் தீர்மானிக்க வேண்டியவை. நானோ அதற்குள் ஏஸைச் செலவழித்துவிட்டிருந்தேன்!

மறுவாரம் வழக்கம்போல் முந்நூற்று நான்கு. கற்ற பாடத்தை மறவாமல், முதற் சுற்றில் இறக்கவேண்டிய ஜாக்கியை ஒளித்து வைத்தேன். அடுத்த சுற்றில் எதிரியின் துரும்பு விழுந்து முப்பதும் போயிற்று. எதிரே என் கூட்டாளியாக அமர்ந்திருந்த பெரிய கிளாக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார்.