விழுந்தவரைத் தூக்கப் போகும்போது

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களிடையே கசிப்பைப் பற்றிப் பேசாத கூட்டம் இல்லை. விதைநெல்லைப் பற்றிப் பேசக் கூடினாலும் பேச்சு ஈற்றில் அங்கேதான் போய் நிற்கும். யுத்தம் 2009இல் முடிந்தபின்னும் எல்லாக் காணிகளும் திரும்பக் கிடைக்கவில்லை. விடிந்தால் இறங்க வயல் இல்லாத விவசாயிக்குக் கூலி கிடைத்த நாளில் கையில் காசு, கிடைக்காத நாளில் மனதில் பாரம். இரண்டுக்கும் கசிப்பு வந்துவிடுகிறது. இது எமக்குத் தெரிந்த கதை. ஆனால் குடிப்பவரைத் திருத்தவென்று புறப்படும் நாம் அவரிடம் எப்படிப் போகிறோம் என்பது பற்றி அதிகம் பேசுவதில்லை.

புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரம், தவறில் அகப்பட்டவரைச் சாந்தத்தோடு திருத்தும்படி கேட்கிறது. திருத்துவதற்கு அவர் எடுத்த கிரேக்கச் சொல்லையே, யாக்கோபும் யோவானும் படகிலிருந்து வலையைச் சரிசெய்ததைக் கூறும்போது மாற்கும் எடுக்கிறார். விலகிய மூட்டைப் பொருத்துவதற்கும் கிரேக்க வைத்தியர்கள் அந்தச் சொல்லை வழங்கினர். முறிவு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் போனவர்களுக்கு இது விளங்கும். 'ஏன் மரத்தில் ஏறினாய்' என்று அவர் கையைப் பிடித்து உலுக்குவதில்லை. (வாயால் ஏசும் பரியாரிமாரும் உண்டு, ஆனால் அவர்களுடைய கை மெதுவாகத்தான் இருக்கும்.)

அதே வசனத்தில், பலரோடு பேசிக்கொண்டிருந்த பவுல் சட்டென்று ஒருமைக்கு மாறுகிறார். எம்மைத் தனித்தனியாக நிறுத்தி, தானும் சோதனையில் விழாதபடி ஒவ்வொருவரும் தம்மைக் கவனிக்கச் சொல்கிறார். குடிக்காதவருக்கு என்ன சோதனை? சிநேகிதனைத் திருத்தப் போய், அவன் மனம் நோகக்கூடாதென்று ஒரு மிடறு குடித்து, பிறகு தானும் அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எம்மிடம் கூடுதலாக நடப்பது வேறு. அவருடைய வீட்டுச் சங்கதியை மன்றாட்டு என்ற பெயரில் செபக்கூட்டத்தில் அவிழ்த்துவிடுகிறோம். நிவாரணம் பங்கிடும் மேசையில் இருந்துகொண்டு அவரைத் தலைகுனிய வைக்கிறோம். நேற்றுவரை 'அண்ணை' என்று கூப்பிட்டவரை இன்று பிள்ளைகள் முன்னிலையில் 'நீ' என்கிறோம்.

ஏசினால்தான் திருந்துவான் என்பாரும் உளர். புனித மோனிக்கா சிறுமியாய் இருந்தபோது, பீப்பாவிலிருந்து திராட்சைரசம் எடுத்துவர அனுப்பப்பட்டு, நாவில் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பின் கிண்ணம் கிண்ணமாய்க் குடிக்கப் பழகினார். ஒருநாள் சண்டையில் வேலைக்காரப் பெண் அவரைக் குடிகாரி என்று குத்திச் சொன்னாள்; அன்றோடு விட்டார். மகன் அகுஸ்தீனார் தம் வாழ்வை எழுதிய நூலின் 9ஆம் பாகத்தில் இதைச் சொல்லி, அந்தப் பெண் நோகடிக்கவே பேசினாள், குணமாக்கியது இறைவன் என்கிறார். தன் சொல்லால் ஒருவர் திருந்தினால் அது தன் வல்லமை என்று எவரும் நினைக்கக்கூடாது என்றும் சேர்க்கிறார். ஏசுகிறவர்கள் இந்தப் பகுதியையும் வாசிக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் கடுமையாகக் குடித்தவரிடம் கோயிலில் சத்தியம் வாங்கி ஒரேநாளில் நிறுத்துவிப்பது ஆபத்தானது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றுவோரும் உண்டு. இதைப் பேய் என்று எண்ணித் தாமதித்தால் உயிரே போகலாம். நிறுத்துமுன்பே வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று, எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். எமது செபத்தோடு வைத்தியரும் தேவை என்று ஏற்பதற்கும் தாழ்மை வேண்டும்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதமேயான பில் வில்சன் என்பவருக்கு மீண்டும் குடிக்கும் ஆசை மேலிட்டது. அவர் இன்னொரு குடிகாரரைத் தேடிச் சென்றார். கிடைத்தவர் பொப் சிமித் என்ற வைத்தியர். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே போனவர் அவர். 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் அந்தச் சந்திப்பில்தான் பிறந்தது. எமது கிராமத்திலும் குடியை விட்ட ஒருவர் இருப்பாரானால், பங்குச்சபைத் தலைவரைவிட அவரே முதலில் போகத் தகுந்தவர்.

சாந்தம் என்பது அடிவாங்கும் மனைவியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதல்ல. அடி நடக்கும் வீட்டில் முதலில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் தேடவேண்டும். அவரோடு பேசுவது அதற்குப் பிறகு.

போவதானால் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, ஒருவரோ இருவரோ போகலாம். வேலியடைக்கவோ கிணறு இறைக்கவோ கூடமாட நிற்கும்படி அவரிடம் கேட்கலாம். உதவி பெறுகிறவராக மட்டும் இருந்து அவர் களைத்துப்போயிருப்பார். ஒரு கிழமை கழித்து அவர் மறுபடியும் குடித்துவிட்டார் என்று கேள்விப்படுவோம். பலர் அப்படி இரண்டு மூன்று முறை விழுந்தவர்கள்தான். அடுத்தநாட் காலையும் அதே படலையைத் திறந்துகொண்டு போகவேண்டியிருக்கும்.